பக்கத்து வீட்டு ஏணி

பிள்ளைகளே, சண்டைக் காலம் தொடங்கிய அந்த நோன்பு மாதத்தில், இருட்டியதும் உங்களை ஏன் முற்றத்துக்கு விடவில்லை என்று இன்னும் கேட்கிறீர்கள். பேய் வரும் என்று அப்போது சொல்லி வைத்தேன். எனக்குப் பேய்ப் பயம் இல்லை. பக்கத்து வீட்டு மனிதருக்குத்தான் பயந்தேன்.

அவர் வேதக்காரர், கிறிஸ்தவத் தமிழர். மனைவி செத்து, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியே இருந்தவர். என்னைப் போல அவருக்கும் துறைமுகத்தில்தான் வேலை. எத்தனையோ வருடம் ஒரே வேலியில் கதைத்துச் சிரித்திருக்கிறோம். தெருமுனைக் கடையை யாரோ எரித்து, மாலை ஆறு மணிக்கே ஊரடங்கு போட்ட பிறகு கதை நின்றுபோயிற்று. எரித்தது யார் என்று தெரியாததால் எல்லார் மேலும் சந்தேகம்.

நாள்தோறும் இருட்டும் நேரம் அவர் ஏணியைச் சுவரில் சாத்திக் கூரையில் ஏறுவார். கையில் விளக்கு இருக்காது, சுருட்டுக்கூட இருக்காது. சும்மா நின்றுவிட்டு இறங்குவார். நான் வேலியில் கட்டிய கிடுகு ஓலையில் ஒரு ஓட்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கு எங்கள் வீட்டைக் காட்டிக் கொடுக்கிறார்? உங்கள் உம்மா உடுப்பெல்லாம் மூட்டையாகக் கட்டிக் கதவடியில் வைத்திருந்தார். ஊரடங்கு தளர்ந்ததும் குறிஞ்சாக்கேணிக்கு, உங்கள் மாமா வீட்டுக்கு ஓடிவிடுவது என்று எண்ணம். வழியில் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கிக் கொண்டுபோகிறார்கள் என்றும் கதை வந்தது. போகவும் பயம், இருக்கவும் பயம்.

இருபத்தொன்பதாம் நோன்பும் வந்தது. பிறை பார்க்கும் நாள். மற்ற வருடங்களில் கடற்கரையில் கூட்டமாக நிற்போம். அன்று தெருவில் கால் வைக்க ஏலாது. எங்கள் முற்றத்துக்கு மேற்கு வானம் தெரியாது, அந்தப் பக்கத்துச் சாமான் ஸ்டோரின் உயர்ந்த சுவர் மறைக்கும். றேடியோவிலும் பெட்டரி இல்லை. நோன்பு துறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். வேலிக்கு அப்பால் குரல் கேட்டது.

"தம்பி, உங்கட பிறை தெரியுது. நாளைக்குப் பெருநாள்தான்."

உம்மா என் கையைப் பிடித்தார். "பேசாதீங்க. உங்கள வெளியில வரவைக்கத்தான் கூப்பிடுறார்."

"நீங்க கண்டா போதாது அண்ணே. எங்கட ஆள் ஒராள் கண்ணால காணணும்" என்றேன். சாக்கு இல்லை, எங்கள் வழக்கம் அப்படித்தான்.

"அப்ப வந்து பாருங்கோவன். கெதியா வாங்கோ, பிறை உங்களுக்காக நிக்காது."

பிறைக்காக மட்டும் போனேன் என்று சொல்லமாட்டேன். அந்தக் கூரையில் நின்றால் என்ன தெரிகிறது என்று பார்க்கவும் போனேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு அவர் கீழே நின்றார். ஒவ்வொரு படியிலும் திரும்பி அவருடைய கைகளைப் பார்த்தேன்.

மேலே ஏறியதும் பிறை தெரிந்தது. தேங்காய்ச் சொட்டில் மெல்லியதாய்ச் சீவியது போல. பிறகு எங்கள் வீட்டைத் தேடினேன். காணவில்லை, புளியமரம் முழுக்க மறைத்திருந்தது. அவரும் ஏறி வந்தார்.

"இஞ்ச நிண்டு என்னத்தப் பாக்கிறீங்க?"

"கொஞ்சம் நில்லுங்கோ. இருட்டட்டும்."

நான் ஏணிப் பக்கமாக நகர்ந்து நின்றேன். பிறை இறங்கி, நன்றாக இருட்டிய பிறகு, குடாவின் தெற்குக் கரையைக் கையால் காட்டினார்.

"அங்கால கட்டைபறிச்சான். மகள் அங்கதான். ஒரு சேதியும் இல்ல. அந்தப் பக்க வானம் சிவந்தா ஊர் எரியுதெண்டு விளங்கும். கறுத்து வானத்து வெள்ளியெல்லாம் தெரிஞ்சா, பிள்ளை இருக்கிறாள் எண்டு இறங்கிப் போய்ச் சோறு தின்னுவன்."

பார்த்தேன். கறுப்புத்தான். வெள்ளிகள் கடல் விளிம்பு வரைக்கும் இறங்கியிருந்தன.

நான் இறங்கும்போது கேட்டார்: "வேலி ஓட்டையவிட இது வசதி, என்ன?"

முழுதாக நம்பினேனா? அரைவாசிதான். அவரும் அப்படித்தான். பெருநாளன்று உம்மா கொடுத்தனுப்பிய வட்டிலப்பத்தில் முதல் துண்டை நாய்க்குப் போட்டுவிட்டுத்தான் அவர் தின்றார். அதையும் ஓட்டையால் பார்த்தேன். ஆனால் உங்கள் பெருநாள் உடுப்பை எடுக்க உம்மா மூட்டையை அவிழ்த்தவர், திரும்பக் கட்டவில்லை. நாங்கள் எங்கும் போகவில்லை.

பெருநாள் கழிந்து சில நாளில், ஊரடங்கை ஆறு மணிக்கு முன்பே போட்டுவிட்டார்கள். எனக்கு அன்று வேலை இல்லை; அவர் துறைமுகத்துக்குள்ளேயே அகப்பட்டுவிட்டார். இருட்டியது. அவருடைய கூரையில் ஆள் இல்லை. நீங்கள் உள்ளே இருந்தீர்கள். யாரிடமும் சொல்லாமல் வேலியைக் கடந்து போனேன். ஏணியைச் சாத்தி ஏறி, கட்டைபறிச்சான் பக்கம் கண் நோகப் பார்த்தேன். கறுப்பாகவே இருந்தது. வெள்ளிகள் இருந்தன.

இறங்கி, ஏணியை அவர் வைப்பது போலவே சுவரோடு படுக்கப் போட்டுவிட்டு வந்தேன்.