கிடர்பூர் பயணம்: வெள்ளிக்காக வாங்கிய மேகப் படங்கள்

கொல்கத்தா போகிறோம், எங்கே தங்கலாம், எப்போது போகலாம் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் நான் நன்றாகப் பார்த்தது பழைய கல்கத்தாவை. எண்பதுகளின் நடுவில் ஓர் ஏப்ரல் மாதம், பழைய பிலிம் வாங்கப் போயிருந்தேன்.

பழைய பிலிமா என்று சிரிக்க வேண்டாம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் பாலிஷ் போடப் போனவன் நான். வெள்ளிக் கட்டி வாங்கக் கையில் முதல் இல்லாதபோது, ஆஸ்பத்திரிகள் கழித்துப்போடும் எக்ஸ்ரே பிலிமை வாங்கி வெள்ளி எடுத்துத்தான் மேலே வந்தேன். கறுப்பு வெள்ளைப் பிலிமில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் வெள்ளி. காஸ்டிக் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்தால் மேல்பூச்சு கழன்று அடியில் சேறாகத் தங்கும். காயவைத்து உருக்க வேண்டியதுதான். கறுப்பு அதிகம் என்றால் வெள்ளி அதிகம். அதனால் எங்கள் தொழிலில் சரக்கு வந்ததும் நல்ல கறுப்பாகப் பார்த்துத் தனியாகக் கட்டிவைப்போம். முதலில் கழுவுவது அந்தக் கட்டுகளைத்தான்.

கல்கத்தாவின் துறைமுகப் பக்கமான கிடர்பூரில் எனக்காகச் சரக்குப் பிடித்து, அங்கேயே கழுவியும் கொடுத்தவர் முத்தையா, ராமநாதபுரத்துக்காரர். ஒரு வானிலை ஆய்வு நிலையம் கிழக்குப் புறநகர் சால்ட் லேக்கில் புதுக் கட்டடத்துக்குப் போகிறது, ஓர் அறை நிறையப் பிலிமை ஏலம் விட்டார்கள், எடுத்துவிட்டேன் என்று போன் செய்தார். எக்ஸ்ரே அல்லாத சரக்கை நான் கண்ணால் பார்க்காமல் கழுவவிடுவதில்லை. கிளம்பிவிட்டேன்.

சேலத்திலிருந்து சென்னை, அங்கிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸ். சென்னையிலிருந்து ஹௌரா ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஒரு பகல் ஓர் இரவுக்கு மேல் ஆகும். இரண்டாம் வகுப்பில் போகிறவர்கள் ஒரிசா தாண்டும்வரை தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஹௌரா ஸ்டேஷன் வாசலில் டாக்சிக்காரர் முப்பது ரூபாய் கேட்டார். பதினெட்டுக்குப் படிந்தார். பாலத்தைத் தாண்டும்போது, "மெட்ராஸி பாபு பேரம் பேசறதுல மார்வாடிய மிஞ்சிட்டாரு" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

லேக் மார்க்கெட் பக்கம் தமிழ்க்காரர் லாட்ஜில் பெட்டியைப் போட்டுவிட்டு, மறுநாள் காலை எஸ்பிளனேடு போய், டிராம் மாறி, மைதானத்தை ஒட்டியே கிடர்பூர் போனேன். அந்த டிராம் வழிக்காகவே ஒருமுறை கொல்கத்தா போகலாம். முத்தையாவின் கொட்டகை துறைமுகச் சுவரை ஒட்டிய சந்தில். சரக்கைக் காட்டிவிட்டு, காஸ்டிக் டிரம் எடுக்கக் கார்டன் ரீச் போகிறேன், திரும்ப இருட்டிவிடும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான் பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எலும்பு இல்லை, நுரையீரல் இல்லை. கரையோரக் கோடு, வெள்ளை வெள்ளையாகச் சுழிகள், மற்றபடி கறுப்பு. நல்ல கறுப்பு. நூற்றுக்கணக்கில் இருந்தன.

பன்னிரண்டரை மணி இருக்கும். கைத்தறிச் சேலை கட்டிய ஒரு பெண் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். வயது முப்பதுக்குள். "ஆப்னி... நீங்கதான் இந்த லாட் எடுத்தவரா, தாதா?" என்று அண்ணன் முறை வைத்து வங்காளமும் தமிழுமாகக் கேட்டவர், நான் தமிழில் பதில் சொன்னதும் அப்பாடா என்று ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

பெயர் வசுமதி. அப்பா துறைமுகத்தில் வேலைபார்த்தவர். வசுமதி பிறந்து வளர்ந்ததே கிடர்பூர் குவார்ட்டர்ஸில், வேலை அந்த ஆய்வு நிலையத்தில். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் லீவில் இருந்தபோது அறையைக் காலிசெய்து ஏலம் விட்டுவிட்டார்களாம்.

"அதுல என்னோட மூணு வருஷம் இருக்குண்ணா" என்றார்.

விலை குறைக்க வந்த பேச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். "ஏம்மா, புதுசா சாட்டிலைட் விட்டிருக்காங்களே, தினம் டிவியில படம் காட்டுறான். பழசு எதுக்கு?"

அவர் ஒரு பிலிமை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். "இது சாதாரண போட்டோ இல்லண்ணா. ராத்திரி எடுத்தது. கடலும் மேகமும் வெளிய விடுதே சூடு, கண்ணுக்குத் தெரியாது, அதை மேல இருந்து அளந்தது. சூடா இருந்தா கறுப்பு. மேகத்தோட உச்சி ஐஸ் மாதிரி இருக்கும், அது வெள்ளை. இந்த ஓரத்துல படிப்படியா சாம்பல் கலர் இருக்கு பாருங்க, இதோட ஒத்துப் பார்த்தா கடல் எத்தனை டிகிரின்னு ஏறக்குறையச் சொல்லிடலாம்."

"புயல் படம்தான வேணும்? எடுத்துக்கம்மா."

"அய்ய, இல்லண்ணா! புயல் படத்தை எல்லாரும் பத்திரமா வச்சிருப்பாங்க. எனக்கு வேண்டியது புயல் வர்றதுக்கு முந்தின ராத்திரிங்க. மேகமே இல்லாம கடல் மட்டும் தெரியுற படம். எந்த இடத்துல சூடு ஏறினா புயல் பலமாகுதுன்னு பாக்கணும். என் டாக்டர் பட்டமே அதை நம்பித்தான் இருக்கு. சிக்னல் பதிவான டேப்பெல்லாம் அழிச்சு அழிச்சு எழுதியாச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்."

யோசித்துப் பார்த்தால் வேடிக்கை. அவருக்குத் தேவை மேகமில்லாத கடல். மேகமில்லாத கடல்தான் முழுக் கறுப்பு. எனக்கு லாபமும் அந்தக் கறுப்பில்தான். வியாபாரி மனசு ஒரு நிமிஷம் இழுத்தது. ஆனால் ஏமாற்றுகிறவர் இப்படி ஒவ்வொரு பிலிமாகத் தேதி பார்த்துத் தடவமாட்டார். "வேண்டியதைப் பிரிச்சுக்கம்மா, காசு வேண்டாம்" என்றேன். கீழே உட்கார்ந்து மூன்று மணிவரை பொறுக்கினார். நானும் கூட உட்கார்ந்து சணல் கயிறு போட்டுக் கட்டிக்கொடுத்தேன். ஆறு கட்டு சேர்ந்தது. கையில் கொண்டுபோக முடியாது, காலையில் ஆபீஸ் ஜீப்பில் வருகிறேன் என்றார்.

முத்தையா வரட்டும், சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று நான் உட்கார்ந்தேன். போகிறவர் வாசலில் நின்று திரும்பினார்.

"அண்ணா, இன்னைக்கு லேட் பண்ணாதீங்க. ஆபீஸ்ல இருந்து கெளம்பறப்ப பாத்த படத்துல, வடமேற்கே சோட்டாநாக்பூர் மேல வெள்ளையா ஒரு கட்டி கெளம்பியிருக்கு. சாயங்காலம் கால்பைசாகி வரும், இந்த ஊர்க் கோடைச் சூறைக்காத்து. டிராம் நின்னுடும். இப்பவே ரூமுக்குப் போங்க."

வானம் சுத்தமாக இருந்தது. இருந்தாலும், படத்தைப் பார்த்துச் சொல்கிறவர் பேச்சை மதித்துக் கிளம்பினேன். காலையில் சீக்கிரம் வந்தால் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தரை மணிக்கு லாட்ஜ் ஜன்னலில் இருந்து பார்க்கிறேன், வடமேற்கே கரிச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி வந்தது. புழுதி, பிறகு ஆலங்கட்டி, பிறகு மழை. மரம் ஒன்று டிராம் கம்பிமேல் சாய்ந்தது. கரண்டும் போனது, போனும் செத்தது. அந்தப் பெண் சொன்னது சொன்னபடி நடந்ததே என்று லாட்ஜ் முதலாளியிடம் பெருமையடித்தேன்.

காலையில் டிராம் ஓடவில்லை. டாக்சி கிடைத்துத் தண்ணீருக்குள் நீந்திப் போய்ச் சேரும்போது எட்டரை. கொட்டகை வாசலிலேயே காஸ்டிக் நெடி. முத்தையா சிரித்தபடி வந்தார்.

"வாங்க மொதலாளி! சேலத்துக் கண்ணுன்னா சும்மாவா? கறுப்பாப் பாத்துப் பாத்து என்னமாப் பிரிச்சுக் கட்டியிருக்கீங்க! வெடிஞ்சதும் அதைத்தான் போட்டேன். ஆறு கட்டும் முடிஞ்சுது."

கொடியில் பிலிம்கள் காய்ந்துகொண்டிருந்தன, கண்ணாடி மாதிரி. அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. வசுமதி கையில் எனக்கென்று ஒரு சந்தேஷ் இனிப்புப் பெட்டி.

முத்தையாவுக்கு நான் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. "அய்யய்யோ, தெரியாதும்மா. கட்டி வச்சிருந்தா மொதல்ல கழுவுறதுதாம்மா எங்க வழக்கம்" என்று கும்பிட்டார்.

வசுமதி கொடியில் இருந்து ஒரு தகட்டை எடுத்தார். பின்புறம் அவர் கையெழுத்தில் மையால் போட்ட தேதியும் நேரமும் அப்படியே இருந்தன. படம் இல்லை. தொட்டியில் எட்டிப் பார்த்தார். கறுப்புச் சேறு.

"எல்லாக் கடலும் இதுலதான் இருக்கா, அண்ணா?"

வெள்ளியின் விலையை அப்படியே தந்துவிடுகிறேன் என்று உளறினேன். வியாபாரிக்கு வேறென்ன தெரியும்?

"எத்தனை டிகிரின்னு வெள்ளி சொல்லுமா?" என்றார். தகட்டைத் திரும்பக் கொடியில் மாட்டிவிட்டு அவரே, "நீங்க இருந்து சொல்லிட்டுத்தான் போயிருப்பீங்க. போங்க போங்கன்னு வெரட்டினது நான்தானே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கழுவாமல் கிடந்த மேகப் படங்களை எல்லாம் நானே ஜீப்பில் ஏற்றிவிட்டேன். அடுத்த வருடம் சால்ட் லேக் போய்ப் பார்த்தேன். மேகத்தின் உச்சிக் குளிரை வைத்து மழையைக் கணிக்கும் வேலைக்கு மாறியிருந்தார். "மிச்சம் இருந்தது மேகம்தானே" என்று சிரித்தார். அதிலேயே பட்டமும் வாங்கினார். கடலைப் பற்றி நான் கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. டிசம்பர், ஜனவரி உத்தமம். ஏப்ரலில் போனால் நாலு மணிக்குப் பிறகு திறந்தவெளித் திட்டம் எதுவும் வைக்காதீர்கள். தங்க லேக் மார்க்கெட் பக்கம் வசதி, இட்லிக்கு அலைய வேண்டாம். என்னைப்போல அரசாங்க ஏலச் சரக்கு எடுக்கப் போகிறவர்கள், எடை போடுமுன் அதை வைத்து வேலைபார்த்தவர் யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். யாருக்காவது எடுத்துவைத்த சரக்கை உங்கள் கண்முன்னே அனுப்பிவிட்டு நகருங்கள், மழையானாலும் சரி.

இப்போது வங்கக் கடல் சூடாகிறது என்று எழுதாத பேப்பர் இல்லை. முன்பு எவ்வளவு இருந்தது என்று தேடுகிறார்களாம். படிக்கும்போதெல்லாம், அன்று உருக்கிய வெள்ளி எந்த ஊரில் யார் காலில் கொலுசாகக் கிடக்கிறதோ என்று நினைப்பேன். அதைத் திரும்ப வாங்கிவிடலாம். அந்த மூன்று கோடையின் ராத்திரிகளை அந்தப் பெண்ணுக்கு எங்கே போய் வாங்குவது?