யோகராணி அமைதியானவர் அல்லர்

யோகராணி மாரடைப்பால் இறந்துவிட்டார் என்ற செய்தியை, கிளிநொச்சியிலிருந்து வந்த பஸ்ஸின் நடத்துநர் வவுனியாவில் என்னிடம் சொன்னார். மறுநாள் புதுக்குடியிருப்பில் நடந்த இறுதிக் கிரியையில், நானும் யோகராணியும் வேலை செய்த பத்திரிகையின் ஆசிரியர் இரங்கலுரை ஆற்றினார். "அமைதியே உருவானவர். ஒருநாளும் அவர் குரல் உயர்ந்ததில்லை" என்றார். அது பொய். யோகராணியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கிளிநொச்சி அலுவலகத்தில் பக்கங்களை வடிவமைத்தவர் அவர். மின்சாரம் ஜெனரேற்றரில்தான். மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க மத்தியானத்தில் அதை நிறுத்துவார்கள். அதற்கு முன் யோகராணி எங்கள் லினக்ஸ் கணினியை உறங்கவைப்பார். திறந்திருந்த வேலையெல்லாம் வன்தட்டில் 'ஸ்வாப்' என்று ஒதுக்கிய பகுதிக்குப் போய்விடும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கொழும்பு நிபுணர் ஒருவர் வந்து நினைவகத்தைக் கூட்டி, அதற்கேற்பப் பெரிய ஸ்வாப் ஒன்றையும் புதிதாக அமைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கணினி எல்லாவற்றையும் மறந்துவிட்டே விழித்தது. ஒட்டுசுட்டான் யானைகள் பற்றிய என் செய்தியோடு ஒரு முழுப் பக்கம் போனது.

யோகராணி முதலில் சண்டை பிடித்தது ஜெனரேற்றரைக் கவனித்துக்கொண்ட ரகீம் நானாவோடு. சொல்லாமல் நிறுத்திவிட்டார் என்று குற்றம் சாட்டினார்.

"நான் மணி அடிச்சுப்போட்டுத்தான் நிப்பாட்டினனான், தங்கச்சி. உங்கட மெசினுக்குக் காது கேக்காட்டி நான் என்ன செய்ய?"

நிபுணர் திரும்பி வந்தார். ஸ்வாப்பின் அளவு பூச்சியம் என்று கணினி காட்டியது. "யாரோ இதில கை வச்சிருக்காங்க" என்றார். ஆசிரியர் விசாரிக்கவே இல்லை. "பிள்ளை, நீர் இனி இதைத் தொடவேண்டாம். புரூவ் பாரும், எழுத்துப்பிழை திருத்தினால் போதும்" என்றார் யோகராணியிடம். பக்க வடிவமைப்பு யோகராணியின் தொழில்; அதை ஒரே வாக்கியத்தில் பறித்தார்.

நிபுணர் ஸ்வாப்பை மறுபடி அமைத்துவிட்டுப் பையைத் தூக்கினார். யோகராணி வாசலை மறித்தார்.

"நிண்டு பாத்திட்டுப் போங்கோ. நீங்களே நித்திரையாக்குங்கோ, நீங்களே எழுப்புங்கோ."

அவரே உறங்கவைத்தார், அவரே எழுப்பினார். மீண்டும் பூச்சியம்.

"இப்ப ஆர் கை வைச்சது, ஐயா?"

அந்தக் குரல் வீதிவரை கேட்டது. கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கணினி தொடங்கும்போது படிக்கும் அமைப்பை யோகராணி திறந்தார். அதில் பழைய ஸ்வாப்பின் பெயரே இருந்தது. "புது வீட்டிலை சாமானை வைச்சிட்டு, எழும்பிப் பழைய வீட்டிலை தேடுது. புது வீட்டுக்குள்ளை சாமான் அப்பிடியே கிடக்கிறபடியால் அதை வெறும் இடமெண்டு எடுக்குதில்லை. அதுதான் பூச்சியம்." ஒரு வரியைத் திருத்தி, ஸ்வாப்பைத் துப்புரவாக்கினார். அடுத்த முறை பக்கம் அப்படியே விழித்தது.

உடனே முற்றத்துக்குப் போனார். "நானா, உங்களிலை பிழையில்லை. நான்தான் அவசரப்பட்டிட்டன்." அதையும் வீதிக்குக் கேட்கத்தான் சொன்னார்.

ஆசிரியர் யோகராணியிடம் அப்படி ஒரு சொல் சொல்லவில்லை. பக்க வடிவமைப்பாளரின் கதிரையைத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். அடுத்த இதழில் நிபுணருக்கு நன்றி அச்சானது. அந்தப் பக்கத்தையும் யோகராணிதான் வடிவமைத்தார்.

ஏசினாலும் பிழையை ஒப்புக்கொண்டாலும் ஒரே சத்தத்தில் ஒலித்த அந்தக் குரலை நான் வைத்துக்கொள்கிறேன். இரங்கலுரையின்போது என் பக்கத்தில் நின்ற ரகீம் நானா, குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்:

"இவர் ஆரைப் பற்றிக் கதைக்கிறார்?"