மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை மார்லா

மார்லா குச்சேராவைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். போர்வை தைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால், "கைன்னா அது கை" என்பார்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். சில சமயம் அந்த ஆள் நானாகவே இருந்திருக்கிறேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

நெப்ராஸ்காவின் இந்தச் சோளக்காட்டு ஊருக்கு நான் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பள்ளிக்கூட அலுவலகத்தில் போன் எடுப்பதும், தாமதமாக வரும் பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதும் என் வேலை. மார்லா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காலை எட்டேகாலுக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால், அடுத்து மதியம் மூன்று மணிக்குத்தான் சாவியைத் தொடுவாள். நடுவில் இருக்கும் அந்த நேரத்தில் அவள் வீட்டில் உட்கார்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைப்பாள். ஊர் அந்த நேரத்துக்கு வைத்திருந்த பெயர், 'மார்லா சும்மா இருக்கும் நேரம்'.

சர்ச்சில் இழவுச் சாப்பாடா? மார்லாவைக் கூப்பிடு. யாருக்காவது பல் பிடுங்கக் கார் ஓட்ட ஆள் வேண்டுமா? மார்லாவைக் கூப்பிடு. ஒருநாள் என் மேசைக்கு முன்னால் வைத்தே ஒரு பெண் அவளிடம் கேட்டாள்.

"நீ தைச்சுக்கிட்டுத்தானே இருக்கே?"

"நான் பஸ் ஓட்டுறப்ப வந்து, 'ஓட்டிக்கிட்டுத்தானே இருக்கே'ன்னு இறங்கச் சொல்வியா?" என்றாள் மார்லா. அந்தப் பெண் பிறகு ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. மார்லா அந்த ஒரு மாதத்தில் ஒரு போர்வையை முடித்துவிட்டாள்.

கோடையில் பள்ளி இல்லை. ஆனால் ஜூலையில் வேறொரு ஓட்டம் உண்டு. விதைச் சோள வயல்களில் செடி உச்சியின் பூக்கொண்டையைக் கிள்ளும் வேலைக்கு ஊரிலுள்ள பதின்வயதுப் பிள்ளைகள் எல்லாம் போவார்கள். அவர்களை விடியற்காலை ஐந்தரைக்கு ஏற்றிக்கொண்டு போய் வயலோரம் இறக்குவது மார்லாதான். அவர்கள் மதியம் ஈரமும் மகரந்தமுமாகத் திரும்பி வரும்வரை, பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் துணியை விரித்துக் கையால் தைத்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்து, குளித்து, கொஞ்சம் படுத்து எழுந்து, சரியாக மூன்று மணிக்குத் தையல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஐந்து மணிக்குத்தான் திறப்பாள்.

அவளுக்கு ஒரே மகள், ஜோசி. அப்போது ஒன்பது வயது. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து எப்போதும் ஒரே கேள்விதான் வரும்.

"ரத்தம் வருதா?"

"இல்ல."

"வீடு பத்தி எரியுதா?"

"இல்லம்மா."

"அப்ப அஞ்சு மணிக்கு வா."

இதைத்தான் ஊர் பிடித்துக்கொண்டது. பெற்ற பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறாளாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதிலும் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தது மார்லாவின் நாத்தனார் வெர்லீன் என்பதுதான் வேடிக்கை. வெர்லீன் கெட்டவள் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி சுட்டு, தம்பி வீட்டுக்குத் தட்டோடு எடுத்து வருவாள். அவளுடைய ஒரே வியாதி, கோணலாக எதைக் கண்டாலும் நிமிர்த்திவிடுவது. என் வீட்டுக்குள் வந்தால் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள்.

அந்த வருடம் ஜோசி முதல்முறையாகக் கவுண்டி, அதாவது மாவட்டக் கண்காட்சியின் பிள்ளைகள் பிரிவில் பெயர் கொடுத்தாள். ஒன்பது கட்டம் வைத்த தலையணை உறை. இங்கே பிள்ளைகள் பிரிவில் ஊதா ரிப்பன்தான் உச்சம். அடுத்து நீலம், சிவப்பு. கடைசியாக வெள்ளை. வெள்ளை என்றால் 'வந்தாய், சந்தோஷம்' என்று அர்த்தம்.

பிள்ளைகள் பிரிவு என்று பெயர்தான். கண்காட்சிக்கு முந்தைய வாரம் எந்த வீட்டுக் கார் ஷெட்டில் எட்டிப் பார்த்தாலும், அப்பா பறவைக்கூடு அறைந்துகொண்டிருப்பார், பிள்ளை ஓரமாக நின்று பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெர்லீனின் இரண்டு பையன்களும் ஏழு வருடம் தொடர்ந்து ஊதா வாங்கியவர்கள். அவர்களுக்கு ஆணிக்கும் திருகாணிக்கும் இன்றுவரை வித்தியாசம் தெரியாது. நான் மட்டும் என்ன? என் மகளின் களிமண் எரிமலைக்கு நீல ரிப்பன் கிடைத்தது. அந்த எரிமலையைப் பூசிப் பூசி என் நகம் இரண்டு உடைந்தது.

மார்லா ஒருத்திதான் மகளின் துணியைத் தொடமாட்டேன் என்றாள். சொல்லித் தராமல் இல்லை. ஐந்து மணிக்குக் கதவைத் திறந்ததும் ஜோசியைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன்னுடைய துண்டுத் துணியில் செய்து காட்டுவாள். "இப்படி மடி, இப்படிப் பிடி, இங்க ஊசி குத்து." ஜோசியின் துணியில் ஒரு விரல்கூடப் படாது. ஜோசி தைப்பாள், மூலை சேராது, பிரிப்பாள், மறுபடி தைப்பாள். மூன்றாவது தடவை பிரித்தபோது பிள்ளை உடைந்துவிட்டது. அன்று நான் அங்கேதான் இருந்தேன்.

"நீ போட்டா ரெண்டு நிமிஷம்! ரெண்டே நிமிஷம்!" என்று கத்தினாள் ஜோசி. "உனக்கு என்னைவிட உன் போர்வைதான் முக்கியம்!"

சமையலறையிலிருந்து மார்லாவின் கணவன் கேலன் தலையை நீட்டினான். "ஒரு தையல்தானே மார்லா. போட்டுக் குடுத்துடேன்."

"நீ போட்டுக் குடேன்."

"எனக்குத் தெரியாதே."

"அவளுக்கும் தெரியாது, கத்துக்கிறா. நீயும் வேணும்னா நாற்காலியப் போட்டுப் பக்கத்துல உக்காரு."

கேலன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். ஜோசி கதவை அறைந்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் அம்மாவிடம் வாய் திறக்கவில்லை. துணியை மட்டும் விடவில்லை. தன் அறையில் தனியாக உட்கார்ந்து, எப்படியோ கோணலும் மாணலுமாக முடித்துவிட்டாள்.

நானும் தூது போனேன். ஒருநாள் விடியற்காலை அவளுடைய பேருந்தில் தொற்றிக்கொண்டு வயல்வரை போய், "வாத்தியார் பிள்ளை மக்குன்னு நான் பொறந்த ஊர்ல ஒரு பேச்சு உண்டு. இவ்வளவு கைவேலை தெரிஞ்சவ பொண்ணு வெள்ளை ரிப்பன் வாங்கினா உன்னைத்தான் சிரிப்பாங்க" என்றேன்.

"சிரிக்கட்டும்" என்றாள் மார்லா. ஊசி நிற்கவில்லை. இன்னொரு தையல் போட்டுவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னாள். "சிரிப்புக்குப் பயமில்ல. அவ ஊசியையே வெறுத்துட்டா என்ன பண்றதுன்னுதான் பயமா இருக்கு. என்னையும் சேர்த்து. ஏழு நாளா என் முகத்தப் பாக்கல."

"அப்ப விட்டுக்குடேன்."

"அவ துணிய நான் வாங்கித் தைச்சா, உன்னால ஆகாதுன்னு நானே அவ நெத்தியில எழுதின மாதிரி. மாட்டேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

தைத்ததைக் கண்காட்சிக் கூடத்தில் கொண்டுபோய் ஒப்படைக்கும் நாள் புதன்கிழமை. மார்லா வயலில் இருப்பாள், கேலனுக்குத் தானியக் கிடங்கில் வேலை. அதனால் செவ்வாய் சாயங்காலமே வெர்லீன் வந்து, "நான் குடுத்துடுறேன்" என்று உறையைப் பையில் போட்டு எடுத்துப் போனாள். அதில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் காலண்டர் சொல்லியிருக்குமே.

வியாழக்கிழமை மதியம் தீர்ப்பு. எங்கள் கண்காட்சியில் பிள்ளை நடுவருக்கு எதிரே தனியாக உட்கார்ந்து, செய்ததைப் பற்றித் தானே பேச வேண்டும். பெற்றவர்கள் பின்னால் நாற்காலியில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. மார்லா வயலிலிருந்து நேராக வந்தாள். தொப்பி முழுக்க மகரந்தம், காலில் சேற்று பூட்ஸ். ஒரு பக்கம் நான், மறுபக்கம் வெர்லீன். வெர்லீன் சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ளும் சட்டையில் வந்திருந்தாள்.

நடுவர் பக்கத்துக் கவுண்டிக்காரர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்த அம்மா. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கை ஊதா ரிப்பன் கட்டின் பக்கம் போவதை நானே பார்த்தேன்.

"நடு மூலைங்க இவ்வளவு அழகா சேர்ந்திருக்கே. எப்படிச் செஞ்ச கண்ணு?"

ஜோசி உறையைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். மார்லா முன்னால் குனிந்தாள். ஆறடி தூரத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுற்றிலும் சாம்பல் நூல், நடுவில் மட்டும் வெள்ளை நூல். திரும்பி வெர்லீனைப் பார்த்தாள். வெர்லீன் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மார்லாவின் முழங்கையை அழுத்தினேன். 'பேசாம இரு, ஊதா வருது' என்று. இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவளும் பேசவில்லை. ஆனால் அதற்குக் காரணம் நான் இல்லை. அவள் மகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நான் தைச்சது இல்ல" என்றாள் ஜோசி. கூடமே கேட்கும்படியாக. "நான் தைச்சது கோணலா இருந்துச்சு. என்னுது சாம்பல் நூல்."

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "யார் கை பட்டதுன்னு நான் கேக்கல. ஆனா உன் கை பட்டதுக்குத்தான் நான் ரிப்பன் தரமுடியும்."

ஜோசி நாற்காலியில் அப்படியே திரும்பினாள். ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, பிரிக்கிற கத்தி வெச்சிருக்கியா?"

மார்லாவின் சட்டைப்பையில் அந்தச் சின்னத் தையல் பிரிக்கும் கத்தி இல்லாத நாளே கிடையாது. எழுந்தாள். "பெத்தவங்க உக்காருங்க" என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் விழவில்லை. கத்தி, ஊசி, சாம்பல் நூல் மூன்றையும் மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிவந்து உட்கார்ந்தாள். துணியைத் தொடவில்லை.

பின்னால் பதினோரு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நடுவர் அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட, ஜோசி மேசை ஓரத்தில் உட்கார்ந்து வெள்ளை நூலைப் பிரித்தாள். பிறகு கையாலேயே தைத்தாள். அரை மணி நேரம் ஆனது. முன்னால் எவ்வளவு கோணலோ தெரியாது, இப்போது மூலைகள் ஒன்றையொன்று பார்க்கவே மாட்டேன் என்று நின்றன. நடுவர் வாங்கிப் பார்த்தார்.

"கோணல்தான் கண்ணு."

"தெரியும்."

வெள்ளை ரிப்பனை எடுத்துக் கொடுத்தார். ஒரு இரக்கமும் காட்டவில்லை. அந்த அம்மாவை எனக்கு அதனாலேயே பிடித்துப்போனது.

வெளியே பன்றிக் கொட்டகைக்குப் பக்கத்தில் வெர்லீன் அழ ஆரம்பித்தாள். "நான் பாசத்துலதானே செஞ்சேன் மார்லா! ஊர் என்ன பேசுதுன்னு உனக்குத் தெரியாது!"

"தெரியும். நீங்கதானே பேச ஆரம்பிச்சீங்க!" மார்லா கத்தியதில் இரண்டு பன்றிகள் எழுந்து நின்றன. "பாசம் இருந்தா தொடாதீங்க, வெர்லீன்! தொடாம இருக்கத்தான் ரொம்பப் பாசம் வேணும். மூணு வாரமா என் கை என்னமா நமநமன்னுச்சு தெரியுமா உங்களுக்கு? நான் அதைக் கட்டிப்போட்டு உக்காந்திருந்தேன். நீங்க ஒரே சாயங்காலத்துல அவ தைச்சதைப் பிரிச்சுட்டீங்க!"

வெர்லீன் தன் செருப்பைப் பார்த்தாள். எனக்கும் எரிமலை ஞாபகம் வந்து தலை குனிந்துவிட்டது. ஜோசி எங்கள் யாரையும் கவனிக்கவில்லை. உறையை வெயிலில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த மூலை ஏன் இழுக்குது?"

மார்லா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்கு வா" என்றாள். "என் துணியில காட்டுறேன்."

மறுநாள் நான் என் மகளுக்குப் போன் செய்து எரிமலையைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். "அந்த ரிப்பனை நான் சுவத்துல மாட்டவே இல்லியேம்மா, நீ கவனிக்கலியா?" என்றாள். நான் கவனித்திருக்கவில்லை.

ஊர் உடனே மாறிவிடவில்லை. மார்லாவின் மகளுக்கு வெள்ளை ரிப்பன் என்று இரண்டு மாதம் பேசியது. மார்லா அந்த ரிப்பனைத் தன் பேருந்தின் கண்ணாடியில் எல்லாரும் பார்க்கும்படி கட்டித் தொங்கவிட்டாள்.

அடுத்த ஜூலை, ஒரு வெள்ளிக்கிழமை. நானும் வெர்லீனும் சேர்ந்து மார்லா வீட்டுக்குப் போனோம். வெர்லீன் கையில் சூடான கொலாச்சித் தட்டு. மணி மூன்றரை. தையல் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இரண்டு மிஷின் ஓடும் சத்தம். வெர்லீன் தட்டினாள். ஒரு மிஷின் நின்றது.

"யாரு?" ஜோசியின் குரல்.

"அத்தைடி. ரொட்டி ஆறிடும், திற."

"ரத்தம் வருதா அத்தை?"

வெர்லீன் என்னைப் பார்த்தாள். "இல்ல."

"வீடு பத்தி எரியுதா?"

"இல்லடி."

"அப்ப அஞ்சு மணிக்கு வாங்க."

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. நாங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, ஐந்து மணி வரை, ஆளுக்கு மூன்று ரொட்டி தின்றோம்.