வளைந்த முதுகுக்கு எண்ணெயா, கூடா? இலங்கைத்துறையிலிருந்து திருகோணமலைக்கு

சென்ற மாதம் என் மகள் தர்சினியைக் கூட்டிக்கொண்டு திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடச் சட்டை ஒரு தோளில் தூக்கி நின்றது. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோது முள்ளந்தண்டு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. ஸ்கொலியோசிஸ் என்றார்கள். வளைவு இருபத்தெட்டுப் பாகை. இப்போது சத்திரசிகிச்சை தேவையில்லை, இன்னும் கூடினால் வெட்ட வேண்டி வரலாம். அது கூடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று அறியத்தான் போனோம். இப்படி ஒரு பிள்ளை வைத்திருக்கும் தாய்மாருக்காக எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்.

ஆஸ்பத்திரி அலுவலுக்கெல்லாம் முன்பு இவர், தர்சினியின் அப்பாதான் போவார். காய்ச்சலில் செத்து எட்டு மாதம். விடிய ஐந்தரை பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது என் வாய் "மூண்டு பேர்" என்று சொல்லிவிட்டது. கொண்டக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். "ரெண்டு" என்றேன்.

வழியில் கிண்ணியாவில் இறங்கினோம். அங்கே பெயர்பெற்ற முறிவு நெரிவு வைத்தியர் ஒருவர் இருக்கிறார். எண்ணெய் போட்டு உருவி முதுகை நிமிர்த்துவார் என்று ஊரில் கதை. ஸ்டாண்டிலிருந்து அவர் வீட்டுக்கு ஆட்டோ முந்நூறு ரூபாய். மனுஷன் தர்சினியின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"நோவுக்கு எண்ண போடலாம் புள்ள. மூணு மாசம் கூட்டி வாங்க."

"வளைவு நிமிருமோ?"

"நிமிந்த எண்டு சில ஆக்கள் சொல்லுறாங்க. நான் படம் எடுத்துப் பாத்த இல்ல."

மறைக்காமல் சொன்னார். ஆனாலும் மனம் அந்த "சில ஆக்கள்" பக்கமே ஓடியது. சீனன்குடா தாண்டும்போது இவரின் கதை ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் கரையில் வள்ளத்து முன் அணியத்தில் எலுமிச்சம்பழம் கட்டுவார்கள். மீன் நிறையப் பட்டால் பழத்தால்தான் என்பார்கள். இவர் சிரிப்பார். "பழத்தைக் கட்டிக்கொண்டு வெறும் வலையோட வந்த நாளை ஒருத்தனும் கதைக்கிறானில்லை" என்பார். எண்ணெய் போட்டும் நிமிராத பிள்ளைகளைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை என்று அப்போதுதான் பட்டது.

கிளினிக்கில் எங்களுக்குப் பின்னால் கதிரையில் எங்கள் ஊர் பவளமக்கா கால் நோவுக்கு வந்து இருந்தா. இளம் டொக்டர். எண்ணெய், அப்பியாசம், உடம்பைச் சுற்றிப் போடும் பிளாஸ்டிக் கூடு மூன்றையும் வரிசையாகக் கேட்டேன்.

"எண்ணெய் நோவைக் குறைக்கும் அம்மா. வளைவை நிப்பாட்டுமெண்டு காட்ட ஒண்டும் இல்லை. முதுகுக்கெண்டு இருக்கிற அப்பியாசம் நல்லது, செய்யுங்கோ. ஆனா அது மட்டும் போதுமெண்டு நான் சொல்ல மாட்டன். கூடு போட்ட பிள்ளையளையும் போடாத பிள்ளையளையும் ஒப்பிட்டுப் பாத்திருக்கினம். போட்டவையில கனபேருக்கு வளைவு கூடாமல் நிண்டிருக்கு. ஒரு நாளைக்குப் பதினெட்டு மணித்தியாலம் வரை போடவேணும்."

"நிமிந்திடுமோ?"

"நிமித்தப் போடுறேல்லை, கூடாமல் இருக்கத்தான். போட்டும் கூடின பிள்ளையள் இருக்கு. வளர்ற வயசிலதான் வேலை செய்யும். மகள் பெரிய பிள்ளை ஆகிட்டாவோ?"

"இன்னும் இல்லை" என்றேன்.

தகப்பன் செத்த ஆண்டுக்குள் எங்கள் பக்கம் நல்ல காரியம் செய்வதில்லை. பிள்ளை ஐந்து மாதம் முன்பே பெரிய பிள்ளை ஆனது ஊருக்குத் தெரிந்தால் எப்போது சாமத்தியச் சடங்கு என்று கேட்பார்கள். அதனால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வார்த்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருந்தோம். பின்னால் பவளமக்கா கேட்டுக்கொண்டு இருக்கிறா.

"அப்பச் சரி, வளர இன்னும் கன காலம் இருக்கு" என்று டொக்டர் எழுதப் போனார்.

"டொக்டர், அது பிழை" என்றாள் தர்சினி. "அப்பா செத்து மூண்டாம் மாசம் ஆகிட்டன்."

டொக்டர் பேனையை வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"எலும்பு எவ்வளவு வளர்ந்திருக்கெண்டு படத்திலையும் பாப்பன். ஆனா இது தெரியாட்டி என்ர கணக்குப் பிழைச்சிருக்கும் அம்மா. இனி ஏறக்குறைய ரெண்டு வருஷந்தான் வளருவா. மூண்டு மாசம் எண்ணெய் போட்டுப் பாப்பமெண்டு இருக்க ஏலாது."

"மகளுக்குக் கூட்டுக்கு அளவெடுங்கோ" என்றேன்.

போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். பழைய படங்கள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். கூட்டுக்குள் போட ஒட்டிய பருத்தி பெனியன் வாங்கி வையுங்கள், தோல் உரசாது. யாரும் "நிமிர்ந்தது" என்றால் படம் எடுத்துப் பார்த்தார்களா, நிமிராதவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். டொக்டரிடமும் கேளுங்கள், கோபிக்க மாட்டார்கள். பின்னால் யார் இருந்தாலும் பிள்ளை பெரிய பிள்ளையான மாதத்தைச் சரியாகச் சொல்லுங்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பவளமக்கா எங்களுக்கு முன் சீற்றில். கிண்ணியாப் பாலம் வரைக்கும் பொறுத்துக்கொண்டு இருந்தா.

"அப்ப சடங்கு எப்ப, பிள்ளை?"

"ஆண்டுத் திவசம் முடியட்டும் அக்கா."

"அந்தக் கூட்டோட எப்பிடிச் சீலை கட்டுறது?"

நான் வாய் திறப்பதற்குள் தர்சினி சொன்னாள்.

"ஆறு மணித்தியாலம் கழட்டலாம் அன்ரி. நீங்கள் கதைக்காமல் இருந்தால் அதுக்குள்ள சடங்கு முடிஞ்சிடும்."

பவளமக்கா சிரித்துவிட்டு, பையிலிருந்து தோடம்பழம் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினா.