கட்டிக்குக் கிடைத்த பெயர்

ஈயம் வைத்துப் பிழைக்கிறவர்களின் துயரம் இதுதான்: வேலை எவ்வளவு நன்றாக அமைகிறதோ, அவ்வளவு குறைவாகக் கண்ணில் படும். கருங்குழியில் ஈயப் பற்று வைக்கும் கடை வைத்திருக்கிறேன். இதே பாடுபடும் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

குடம்

படாளத்திலிருந்து ஓர் அம்மாள் ஒழுகும் பித்தளைக் குடத்தோடு வந்தார். குடிதண்ணீர்க் குடமாம். என் ஈயத்தில் காரீயம் கலந்திருக்கிறது, தண்ணீரில் இறங்கும், பிள்ளைகளுக்கு ஆகாது என்றேன். வயருக்கு வைக்கலாம், வாய்க்கு வைக்கக் கூடாது. அவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"ஈயம் வெக்க வந்தா இந்தம்மா பாடம் நடத்துது. படிச்சவங்க கடைன்னு போர்டுல எழுதறதுதான?"

துளி

கடப்பாக்கத்துப் படகுக்காரர் கன்னியப்பன் வயர்லெஸ் பெட்டியைக் கொண்டுவந்தார். உப்புக்காற்றில் ஏரியல் வயர் விட்டுப்போயிருந்தது. பேசாத பெட்டியை நம்பிக் கடலுக்கு வரமாட்டேன் என்று அவருடைய மச்சான் சொல்லிவிட்டானாம். மச்சான் இல்லாவிட்டால் வலை இழுக்க ஆளில்லை, படகு கரையில்தான்.

வயரைச் சுரண்டிச் சூடாக்கி, உள்ளே பிசின் ஓடும் மெல்லிய ஈயக்கம்பியால் தொட்டேன். ஒரு துளி ஓடிப் பரவி, ஆறிய பிறகும் பளபளத்தது. மங்கினால்தான் பயம், பற்று சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கன்னியப்பன் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினார்.

"இத்தினியூண்டு வெச்சிட்டு முடிஞ்சிச்சின்றியே பெரிம்மா, கடலு இன்னா கொளமா?"

கட்டி

வீட்டுக்குப் போனவர், தகரப் பட்டறையில் ஆசிட் வாங்கித் தடவி, அதன்மேல் தாராளமாக ஈயம் ஊற்றிக்கொண்டார். தகரத்துக்கு அந்த ஆசிட் சரி. வயரை மெல்லத் தின்றுவிடும். சில வாரங்களில் நடுக்கடலில் எஞ்சின் நின்றது. கூப்பிடலாம் என்றால் பெட்டி ஊமை. தற்செயலாக வந்த ஒரு படகுதான் கயிறு கட்டி இழுத்து வந்தது.

இந்த முறை மச்சானும் கூட வந்தான். நெல்லிக்காய் அளவு கட்டி. அடியில் வயர் பச்சை பூத்து உதிர்ந்திருந்தது. கட்டியை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான்.

"வெயிட்டு நல்லாத்தான் கீது. பேசத்தான் மாட்டேங்குது."

அழகுக்கு

ஆசிட்டைத் துடைத்தெடுத்து, புது வயர் போட்டு, மறுபடியும் ஒரு துளி. பெட்டி பேசியது. மச்சான் துளியைப் பார்த்தான். இந்தப் படகில் ஏறமாட்டேன் என்றான். கன்னியப்பன் என்னைத் தனியே அழைத்து, அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்யும்படி கெஞ்சினார்.

பெட்டிக்கு வெளியே, எதையும் எதோடும் சேர்க்காத ஒரு பித்தளை வளையத்தின் மேல், கொழுத்த கட்டி ஒன்று வைத்தேன். மச்சான் நகத்தால் தட்டிப் பார்த்தான். மறுநாள் படகேறினான். மழைக்காலம் முழுக்கப் பெட்டி பேசியது. ஒருநாள் சங்கரா மீனோடு கடைக்கு வந்து, எனக்கே விளக்கம் சொன்னான்.

"உள்ள கீற ஒயரெல்லாம் சும்மா பெரிம்மா. அந்தக் கட்டிதான் பேசுது."

நாற்பது வருடம் துளி துளியாய் வைத்துச் சேர்க்காத நல்ல பெயரை, எதையும் பிடித்துக்கொள்ளாத ஒரு கட்டி எனக்கு வாங்கித் தந்தது.