விற்கிறவளே வேண்டாமென்ற வீடு

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் செவ்வாப்பேட்டையில், ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் பட்டணத்தில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். ஆள் நல்ல உயரம். வாசல் நிலையில் தலை இடிக்காமல் அவர் வேலைக்குக் கிளம்பிய நாள் குறைவு. நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் தையலில் என்னைக் குறை சொன்னவர் கிடையாது. என்னிடம் ரவிக்கை தைக்க ஆவடியிலிருந்து ரயிலேறி வருவார்கள். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

அவருக்கு ரயிலில் போய் வந்தே அலுத்துவிட்டது. பட்டணத்திலேயே ஒரு பிளாட் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். அவர் சம்பளத்தில் வயிற்றைக் கழுவலாம். வீட்டுக்கான தவணையை என் தையல்தான் கட்ட வேண்டும். அதனால் வீட்டில் வெளிச்சம் இல்லையென்றால் தையல் இல்லை, தையல் இல்லையென்றால் வீடே இல்லை.

வில்லிவாக்கத்தில் ஒரு கட்டடம் இருப்பதாகத் தரகர் ஒருவர் அழைத்துப் போனார். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வீடுகள். மூன்றும் விலைக்கு வந்திருந்தன. நான் முந்தானையில் ஓர் ஊசியும் கறுப்பு நூலும் முடிந்துகொண்டு போனேன். விளக்கில்லாமல் கறுப்பு நூலை ஊசியில் கோர்க்க முடிகிற அறையில்தான் நான் மிஷின் போட முடியும். எனக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான்.

தரை வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். கடைக்கென்று கட்டியதோ என்னவோ, கூரை அவ்வளவு உயரம். இவர் முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியாடி? நான் குதிச்சாக்கூட இடிக்காது.”

“குதிக்கிறதுக்கா ஊடு வாங்கறோம்?” என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்தேன். நூல் எங்கே, காது எங்கே என்று தெரியவில்லை. தரகர் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டார்.

“இப்போ பாருமா! பளிச்சுனு கீது.”

“நீ போட்ட லைட்டுக்கு மாசாமாசம் நீயா வந்து பில்லு கட்டுவ? அணைப்பா.”

தரகர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, “இன்னா நைனா, ஊடு பாக்க வந்தா ஊசி கோக்குறாங்க?” என்றார்.

இரண்டாவது மாடிக்கு ஏறினோம். அதைப் பின்னால் எடுத்துக் கட்டினார்களாம், செலவுக்குப் பயந்து உயரத்தைக் குறைத்துவிட்டார்கள். ஊசியில் நூல் ஒரே தடவையில் ஏறியது. விலையும் குறைவு. ஆனால் இவர் கையைத் தூக்கினார், உள்ளங்கை கூரையில் பதிந்தது.

“ஃபேன் மாட்டினா என் தலைய சீவிக்கினு போயிடும். இங்கயும் நான் குனிஞ்சிகினே இருக்கணுமா?” என்றார். பாவமாக இருந்தது.

கடைசியாக நடு வீடு, முதல் மாடி. உயரமும் இருந்தது, வெளிச்சமும் கொட்டியது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றே நூல் கோர்த்தேன். விலைதான் அதிகம். தாலியைத் தவிர என் உடம்பில் இருந்த நகை எல்லாம் போகும். போகட்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அந்த வீட்டுக்காரர்கள் பழவேற்காட்டு முஸ்லிம்கள். கணவர் இங்கே கடை வைத்திருந்தார். ஊருக்கே திரும்பிப் போவதால் வீட்டை விற்கிறார்கள். ஆண்கள் கூடத்தில் விலை பேசிக்கொண்டிருக்க, அந்த வீட்டு அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு டீ கொடுத்தார்.

“ஊசிய வெச்சி இன்னாமா பாத்த?”

சொன்னேன். தையல், தவணை எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்து ஜன்னலண்டை இழுத்துப் போனார்.

“ஊசிய பாத்தியே, வெளிய பாத்தியா?”

பக்கத்துக் காலி மனையில் செங்கல் அடுக்கியிருந்தது. முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். அதுவும் எங்கே? இந்தக் கட்டடத்துச் சுவரையொட்டி.

“அவங்க ஒரு மாடியோட எடுக்கறாங்கமா. இந்த ஜன்னலத் தொறந்தா அவங்க செவுருதான் தெரியும். மேல் ஊட்டுக்கு ஒண்ணும் ஆவாது. தையல நம்பிக்கினு கீற உனக்கு இந்த ஊடு வேணாம் தங்கச்சி.”

எனக்குச் சுருக்கென்றது. வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, அது எந்த வழியாக வருகிறது, அந்த வழி யாருடையது என்று பார்க்கவில்லை. பெரிய கெட்டிக்காரி மாதிரி ஊசியைத் தூக்கிக்கொண்டு போன எனக்கு நன்றாக வேண்டும்.

அந்த அம்மா அதோடு விடவில்லை. கூடத்துக் கதவோரம் போய் நின்று, “விலை பேசறத நிறுத்துங்க. நான் அவங்களுக்கு எல்லாத்தையும் சொல்ட்டேன்,” என்றார்.

தரகர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் என் வீட்டுக்காரரிடம் திரும்பி, “இவள வெச்சிகினு நான் எப்டி யாவாரம் பண்றேன், பாத்துக்கோ தம்பி!” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இவரும் சிரித்தார். பேஜாராகப் போயிருந்தது தரகர் ஒருவருக்குத்தான். அவருக்கு இரண்டாவது டீ கொடுத்து எழுப்ப வேண்டியிருந்தது.

தவணைதான் முக்கியம் என்று இவரும் இறங்கி வர, மேல் மாடி வீட்டையே வாங்கினோம். நகையும் தப்பியது. வெயில் காலத்தில் கொதிக்கும். டேபிள் ஃபேன் வைத்துச் சமாளித்தோம். முதல் பொங்கலுக்கு இவர் தரையில் நின்றபடியே கூரைக்கு வெள்ளையடித்தார். “ஏணி வாடகை மிச்சம்டி!” என்று தெருவே கேட்கிற மாதிரி சிரித்தார். அதற்குப் பிறகு உயரத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

நடு வீடும் விற்றுப்போனது. வாங்கியவர் ராத்திரி ஷிப்டு வேலைக்காரர். அவரிடமும் அந்த அம்மா ஜன்னலைக் காட்டியிருக்கிறார். அவரோ, “பகல்ல தூங்கறவனுக்கு இருட்டு இருந்தா நல்லதுதானேம்மா,” என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டாராம்.

அடுத்த வருஷமே பக்கத்துச் சுவர் எழும்பிவிட்டது. என் மிஷின் மட்டும் மேலே நல்ல வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தவணை முழுவதையும் அதுதான் கட்டி முடித்தது. அவர்கள் ஊருக்குப் போன பிறகு அந்த அம்மாவை நான் பார்க்கவேயில்லை; ஆனால் தன் பொருள் விலைபோகாமல் நின்றாலும் சரி, இன்னொருத்தியின் பிழைப்பு கெடக் கூடாது என்று பேச ஒரு நெஞ்சு வேண்டும் என்பதை, முன்பின் தெரியாத அவரிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.