கார் டயர் கட்சி

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் வெர்னா ஹோலுப். வயது ஐம்பத்தெட்டு. பின்சீட்டில் எந்தப் பிள்ளையாவது வாந்தி எடுத்தால் முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டு அடுத்த நிறுத்தத்துக்கு வண்டியை விடுவாள். அவளுக்கு அருவருப்பே வராது என்று ஊரில் சொல்வார்கள். அதை வரவழைக்க அவள் சேர்ந்திருந்த மோட்டார் சைக்கிள் சங்கத்தால்தான் முடிந்தது.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சோபாவைப் போல அகலமான பெரிய வண்டிகளில் ஞாயிறுதோறும் கூட்டமாகக் கிளம்பி, எங்கோ ஓர் ஊரில் ஆப்பிள் பை பலகாரம் தின்றுவிட்டுத் திரும்பும் நரைத்த தலைகள். இவர்களுக்குள் ஒரு தீராத சண்டை இருந்தது. அந்தப் பக்கத்துச் சாலைகள் வளைவே இல்லாமல் நேராகப் போகும். அதில் ஓடி ஓடி மோட்டார் சைக்கிளின் பின்டயர் நடுவில் சீக்கிரம் வழுக்கையாகிவிடும். அதனால் சிலர் பின்சக்கரத்தில் கார் டயரை மாட்டிக்கொண்டார்கள். அது பல மடங்கு உழைத்தது. சாய்ந்து திரும்ப வேண்டிய வண்டிக்குத் தட்டையான டயர் எமன் என்றார்கள் மற்றவர்கள். கடைக்காரர்கள் மாட்டித் தர மறுத்தார்கள். இணையத்தில் ஒருவரை ஒருவர் கொலைகாரன், கோழை என்று திட்டிக்கொண்டார்கள். சண்டை தீர்ந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒற்றுமையாக இருந்தது போல வெர்னாவுக்குத் தோன்றும்.

சங்கத் தலைவர் கென்ட் ஆஸ்ட்ராண்டர் கார் டயருக்கு எதிரி. கார் டயர்க்காரர்கள் வரிசையில் கடைசியில்தான் வர வேண்டும் என்று விதி போட்டவர் அவர். "நீங்க உருண்டா நாங்க எதுக்குய்யா உங்க மேல ஏறணும்?" என்பார். கார் டயர் கட்சிக்குத் தலைவர் மார்வ் ஸ்டெக்ல். அவர் அதை ஒரு மதம் போலப் பரப்பிவந்தார். வெர்னா எந்த மதத்திலும் இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை டயர் மாற்றி அலுத்துப்போய்த் தன் வண்டிக்குக் கார் டயர் போட்டிருந்தாள், அவ்வளவுதான்.

தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் லாய்ட் ரென்ஷா தனக்கும் ஒன்று போட்டுத் தரச் சொல்லி அவளிடம் வந்தார். இருவருமாக அவள் வீட்டு கராஜில் சோப்புத் தண்ணீர் தடவி, காற்றடித்து, டயரின் விளிம்பு ரிம்மில் டப்பென்று உட்காரும்வரை போராடினார்கள். லாய்டின் மனைவி ஜோலீன் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "விழுந்தா ரெண்டு பேரும் என்கிட்ட வந்து அழாதீங்க" என்றாள். லாய்ட் சிரித்தார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, புரோக்கன் போ என்ற ஊரிலிருந்து திரும்பும் வழியில், சோளக்காட்டிலிருந்து ஒரு மான் பாய்ந்தது. வெர்னாவுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த லாய்டின் வண்டி அதில் மோதிப் புரண்டு, அவரைப் பள்ளத்தில் எறிந்தது.

ஒருவர் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு வசந்தத்திலும் அவர்கள் வகுப்பு நடத்திப் பழகியிருந்தார்கள். ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் பேச வேண்டும். ஒருவர் சாலையில் வரும் வண்டிகளை நிறுத்த வேண்டும். ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் தலையை அசையவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வெர்னா ஓடிப்போய் மண்டியிட்டுத் தலையைப் பிடித்தாள். நிமிர்ந்து பார்த்தபோது முன்னால் போனவர்கள் திரும்பி வந்துவிட்டிருந்தார்கள். கென்ட்டும் மார்வும் கவிழ்ந்த வண்டியின் பின்சக்கரத்தருகே குந்தியிருந்தார்கள். மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மார்வ் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கென்ட் போனை எடுத்தார், படம் பிடிக்க. படத்தின் ஓரத்தில் லாய்டின் பூட்ஸ் விழுந்திருக்கும். கடைசியில் ஆம்புலன்ஸுக்குப் பேசியது, வழியில் பிக்கப் வண்டியை நிறுத்தி இறங்கிவந்த ஒரு பெண்தான்.

வெர்னாவுக்குக் குமட்டியது. காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பத் திறந்த வாய் வேறொன்றைக் கேட்டது.

"மார்வ், அதுல காத்து இருக்கா?"

"கல்லு மாதிரி இருக்கு வெர்னா. கொஞ்சம்கூட இறங்கல."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. உடம்பு முழுக்கப் பரவிய நிம்மதி அது. தான் மாட்டிய டயர் காரணம் இல்லை. கைகளுக்கு நடுவில் லாய்டின் தலை இருந்தது.

கியர்னி ஆஸ்பத்திரியில் அவரை உடனே அறுவைக்குக் கொண்டுபோனார்கள். பிழைப்பாரா என்று யாரும் சொல்லவில்லை. காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் சண்டை தொடர்ந்தது. காற்று இருந்தால் என்ன, பிரேக் பிடித்ததும் வழுக்கியிருக்கும் என்றார் கென்ட். மான் மடியில் வந்து உட்கார்ந்தால் எந்த டயர் என்ன செய்யும் என்றார் மார்வ். பிறகு கென்ட் அவளிடம் திரும்பினார்.

"நீதான பின்னாடி வந்த. உள்ளத சொல்லு, வழுக்குச்சா இல்லையா?"

வெர்னா அவர்களுடைய விரல்களைப் பார்த்தாள். டயர்க் கரி அப்படியே இருந்தது.

"இன்னும் கையக்கூடக் கழுவல நீங்க" என்றாள்.

அப்போது ஜோலீன் வந்தாள். கென்ட் ஏற்கெனவே அவளிடம் போனில் பேசியிருந்தார். கணவர் உயிரோடிருக்கிறார் என்பதற்கு முன்பே கார் டயர் என்ற சொல் அவள் காதில் விழுந்திருந்தது. அவள் நேராக வெர்னாவிடம் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டயரா?"

"இல்ல ஜோலீன். மான். நான் பாத்தேன். எந்த டயரா இருந்தாலும் விழுந்திருப்பாரு."

இதைச் சொல்லத்தான் வெர்னா வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். ஜோலீன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"பிக்கப்ல வந்த பொண்ணு, கென்ட் போன வாங்கி என்கிட்ட சொன்னா. நீ தலையப் பிடிச்சிருந்தப்ப அவரு உன்கிட்ட ஏதோ பேசினாராமே. அப்புறம் நினைவு போயிருச்சாம். என்ன சொன்னாரு?"

ஹெல்மெட்டுக்குள் லாய்டின் உதடுகள் அசைந்தது ஓரக்கண்ணில் பட்டது வெர்னாவுக்கு ஞாபகம் வந்தது. அப்போது அவள் முகம் பின்சக்கரத்தின் பக்கம் திரும்பியிருந்தது. மார்வ் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்பதற்காக.

ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். உன் பேரைச் சொன்னார் என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? அந்தப் பொய் நாக்குவரை வந்தது. அதுவும் குமட்டியது.

"கேக்கல ஜோலீன். டயர்ல காத்து இருக்கான்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

ஜோலீன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, அறுவை அறைக் கதவருகே போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.